கோணேசர் மலை நாலு மில்லிமீற்றர்

எங்கள் வாசிகசாலைச் சுவரில் பல காலமாக ஒரு படம் தொங்குகிறது. உலகின் மிக உயர்ந்த மலை, மிக ஆழமான கடல், மிக வறண்ட பாலைவனம், மிக உயரமான நீர்வீழ்ச்சி. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அதை ஒப்புவிப்பார்கள். எவரெஸ்ற் என்றால் 8,848 என்று பதில் பாய்ந்து வரும். அது எவ்வளவு உயரம் என்று கேட்டால் ஒரு கை மேலே போகும். மரியானா அகழி எவ்வளவு ஆழம் என்றால் அதே கை கீழே போகும். நெடுங்காலம் மின்சாதனம் திருத்திப் பிழைத்தவன் நான். அளக்காத எண் எனக்கு எண்ணாகவே தெரியாது. ஆகவே விடுமுறையில் வருகிற பிள்ளைகளோடு இருந்து, அந்தப் படத்தில் இருப்பதையெல்லாம் ஒரே அளவில் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். நிபந்தனை ஒன்றுதான்: தொடக்கம் திருகோணமலையாக இருக்கவேண்டும். தரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை கலந்த கூட்டம்; உப்புவெளிப் பிள்ளைகள், கிண்ணியாவிலிருந்து உம்மம்மா வீட்டுக்கு வந்து நிற்பவர்கள், இரண்டு பேர் தம்பலகாமத்துக்காரர்.

முதல் வேலை சுவரில். ஒரு சென்ரிமீற்றருக்கு நூறு மீற்றர் என்று வைத்துக்கொண்டால் பூமியின் மேடு பள்ளம் முழுவதும் ஒரு கதவு உயரத்துக்குள் அடங்கிவிடும். தரையிலிருந்து 125 சென்ரிமீற்றரில் நீலப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்தோம். அது கடல்மட்டம். கடைகளில் பில் அடிக்கிற கடதாசிச் சுருள் இதற்கு வசதிபோலத் தெரியும். ஆனால் அது எங்கள் ஊர் வெக்கைக்குப் பழுதாகிப்போகும், சுவரிலேயே எழுதுவது நல்லது. கோட்டுக்கு மேலே 88.5 சென்ரிமீற்றரில் எவரெஸ்ற். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீற்றர். கோட்டுக்குக் கீழே 109 சென்ரிமீற்றரில் மரியானா அகழியின் அடி, ஏறத்தாழ 10,900 மீற்றர். அங்கே மனிதர் முதலில் இறங்கியது 1960 ஜனவரி 23. ஜாக் பிக்கார்டும் டொன் வோல்ஷும் 'திரியெஸ்ற்' என்ற கலத்தில் போனார்கள். அதற்கும் கீழே, தரையை முட்டாத குறையாக, ரஷ்யாவின் கோலா துளை. 1970இல் தோண்டத் தொடங்கி 1989இல் 12,262 மீற்றரைத் தொட்டார்கள். அடியில் வெப்பம் 180 பாகை செல்சியஸ். அதற்குமேல் தோண்ட முடியவில்லை. இதே அளவில் பூமியின் நடுவுக்குப் போகவேண்டுமென்றால் சுவர் இன்னும் 637 மீற்றர் கீழே போகவேண்டும் என்று கணக்குப் போட்டபிறகு, மனிதர் தோண்டியது எவ்வளவு என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாக்கடலின் கரை கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 4.4 சென்ரிமீற்றர். பைக்கால் ஏரி கோட்டுக்கு மேலே தொடங்கிக் கோட்டுக்குக் கீழே முடிகிறது. நீர்மட்டம் மேலே 4.6, அடி கீழே ஏறக்குறைய 12. ஏரிக்கு அடி கடலுக்குக் கீழே இருக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கலாம், கடல் உள்ளே வர வழியில்லாவிட்டால் போதும். அடுத்து எங்களுடையவை. பீதுருதாலகால 2,524 மீற்றர், அதாவது 25 சென்ரிமீற்றர். கோணேசர் கோயில் நிற்கிற மலை நூறு மீற்றர் சொச்சம். ஒரு சென்ரிமீற்றர்.

"மாமா, கோணேசர் மலை என்ர நகத்தளவுதான்!"

கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவில் எட்டிப் பார்த்து வயிறு கலங்கிய பிள்ளைகள் இவர்கள். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் கடல்மட்டத்துக்குக் கீழே 30 சென்ரிமீற்றரில் ஒரு கோடு போட்டு இது என்ன என்று கேட்டேன். பசுபிக், இந்தியப் பெருங்கடலின் நடு, வங்காள விரிகுடா என்று பதில் வந்தது. அது எங்கள் துறைமுக வாசலிலிருந்து கிழக்கே இறங்குகிற கடலடிப் பள்ளத்தாக்கு. கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே தொடங்கி மூவாயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறது. நாட்டின் உச்சி மலையைத் தூக்கிப்போட்டால் மூழ்கிவிடும் பள்ளம் வீட்டு வாசலில் கிடக்க, பிள்ளைகள் ஆர்ஜன்ரீனா, அலாஸ்கா என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். மார்ச் தொடங்கி ஓகஸ்ட் வரை நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் பார்க்க வெளிநாட்டுக்காரர் இங்கே வருவதற்கும் அந்த ஆழம் கரைக்கு இவ்வளவு அண்மையில் இருப்பதுதான் முக்கிய காரணம். எண்ணெய்த்திமிங்கிலம் ஆயிரம் மீற்றருக்குக் கீழேயும் முக்குளித்துக் கணவாய் பிடிக்கும். சுவரில் அது பத்துச் சென்ரிமீற்றர்.

பலகை

சரி, அந்தப் பள்ளத்தைச் செய்வோம் என்று தொடங்கியது பெரிய வேலையாகிவிட்டது.

அளவு தீர்மானிப்பதிலேயே சண்டை. எட்டடிக்கு நாலடி பிளைவூட்டில் பாதி, அதாவது நாலடிக்கு நாலடி. ஒரு சென்ரிமீற்றருக்கு 250 மீற்றர் என்றால் பலகை 30 கிலோமீற்றர் அகலத்தைக் கொள்ளும். மேற்கே தம்பலகாமக் குடா, தெற்கே மூதூர், கிழக்கே திறந்த கடல். படுக்கை அளவு இது. உயரத்துக்கும் இதே அளவுதான் என்று நான் பிடித்த பிடியில் நின்றேன்.

காரணம் இருக்கிறது. கடையில் வாங்குகிற மேடுபள்ளப் படங்களில், தடவிப் பார்க்கிற பூகோள உருண்டைகளில், மலையைப் பல மடங்கு தூக்கித்தான் செய்வார்கள். முப்பது சென்ரிமீற்றர் உருண்டையில் எவரெஸ்ற்றின் உண்மையான உயரம் 0.2 மில்லிமீற்றர். ஏ4 தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த தடிப்பு. அப்படிச் செய்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வேறு. ஆனால் தூக்கிச் செய்ததை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டால் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை மூலையை வாசிக்காது, விரலால் தடவும். விரல் நம்பியதைப் பிறகு மாற்றுவது கஷ்டம்.

எங்கள் அளவில் கோணேசர் மலை நாலு மில்லிமீற்றர். தரம் எட்டுப் படிக்கிற ஒருவன் எழும்பினான்.

"மாமா, இது சரிவராது. பாக்க வாறாக்கள் கோயில் எங்க எண்டு கேட்பினம். பத்து மடங்கு கூட்டுவம்."

"கூட்டு. ஆனா எல்லாத்தையும் கூட்டு."

மலை நாலு சென்ரிமீற்றர் ஆனது. அழகாகத்தான் இருந்தது, தாளில். பிறகு பள்ளத்தைக் கணக்குப் போட்டான். இரண்டாயிரம் மீற்றர் ஆழத்துக்கு எண்பது சென்ரிமீற்றர். பலகை மேசையை விட்டு இறங்கித் தரையில் நிற்கவேண்டும். மலையை மட்டும் கூட்டினால் என்ன என்று இன்னொருவன் இழுத்தான். அதற்கு நான் வாய் திறக்கவில்லை. "அப்ப அது பொய்யெல்லோ" என்று கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி முடித்துவிட்டாள். கோயிலுக்கு ஒரு சிவப்புக் குண்டூசி குத்துவது என்று சமாதானம் ஆனது.

ஆழ எண்களுக்கு ஜெப்கோ தரவு. 1903இலிருந்து நடக்கிற சர்வதேசக் கடலடி வரைபடத் திட்டம் அது. யாரும் இலவசமாக இறக்கலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் 250 மீற்றருக்கு ஒரு சமவுயரக்கோடு, அதாவது ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கிற கோடு, எடுத்து, நாலு பெரிய தாளில் அச்சடித்தோம். ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தத் தரவு ஏறத்தாழ 450 மீற்றருக்கு ஓர் எண்தான் தரும். எங்கள் பலகையில் அது கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றர் சதுரம். எல்லா எண்ணும் கப்பல் அளந்த எண்ணும் இல்லை. அளக்காத இடங்களில் செயற்கைக்கோள் காட்டும் ஈர்ப்பு வேறுபாட்டிலிருந்து கணித்து நிரப்பியிருக்கிறார்கள். உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்து முடிந்தது கால்வாசிக்குச் சற்று மேல்தான். மீதிக்கடலை யார் அளப்பது என்று கேட்ட பிள்ளைக்கு, நீதான் என்றேன். முறைத்துப் பார்த்தது.

ரெஜிபோம், அதாவது பொதிகளில் அடைத்து வருகிற வெள்ளை நுரைப்பலகை, ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் எட்டுத் தட்டு. ஒரு தட்டு 250 மீற்றர். அடியில் இருக்கிற பிளைவூட் இரண்டாயிரம் மீற்றர். கிழக்கு ஓரத்தில் அதைவிட ஆழம் என்பதால் அங்கே "இன்னும் இறங்கும்" என்று எழுதி அம்புக்குறி போட்டோம். நாலடிப் பலகையை இரண்டடிச் சதுரமாக நாலு துண்டாக்கி, அடியில் போல்ற் போட்டுப் பூட்டுகிற மாதிரி வைத்தேன். ஓட்டோவில் ஏறும்.

வெட்டுவதற்குப் பேப்பர்க் கத்தி சரிவராது. ரெஜிபோம் மணி மணியாக உதிர்ந்து அறை முழுவதும் பறக்கும். சூட்டுக் கம்பிதான் வழி. பழைய முடி உலர்த்தியிலிருந்து கழற்றிய, மின்சாரம் பாய்ந்தால் சூடேறுகிற நிக்ரோம் கம்பியை நிமிர்த்தி முப்பது சென்ரிமீற்றர் எடுத்தேன். மேசைப் பலகையில் சின்னத் துளை. கீழிருந்து கம்பி நிமிர்ந்து மேலே ஒரு மரக்கையில் சுருள்வில்லோடு முடியும். சுருள்வில் கட்டாயம் வேண்டும். சூடானால் கம்பி நீளும், தொய்ந்தால் வெட்டு வளையும். மின்சாரத்துக்குப் பழைய கணினிப் பவர் சப்ளை. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் அது இயங்கும். மஞ்சள் வயர் 12 வோல்ற். அதில் கொடுத்தால் கம்பி சிவந்து, ரெஜிபோம் வெட்டுப்படாமல் உருகி ஓடி, கோடு அகன்றுவிடும். சிவப்பு வயரின் 5 வோல்ற் அளவான சூடு. கம்பி சிவக்கக்கூடாது, வெண்ணெயில் போவதுபோல் போகவேண்டும். அழுத்தித் தள்ளவேண்டியிருந்தால் சூடு காணாது. உருகும் புகை நல்லதில்லை. முற்றத்தில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று நானும் இரண்டு பெரியவர்களும்தான் வெட்டினோம். பிள்ளைகள் கோடு பதிப்பது, இலக்கமிடுவது, ஒட்டுவது.

ஒட்டுவதற்கு வெள்ளைக் கம் மட்டும். ரப்பர் கம், டின் ஸ்பிரே பெயின்ற் எதுவும் ரெஜிபோமைத் தின்றுவிடும். வெள்ளைக் கம்மில் உள்ள குறை, நடுவில் காற்றுப் படாததால் காய நாள் எடுக்கும், அதற்குள் தட்டு வழுக்கி நகரும். தம்பலகாமத்துப் பையன் தென்னோலை ஈர்க்கை ஒடித்துக்கொண்டு வந்து ஆணி மாதிரிக் குத்தினான். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஈர்க்கு விலையில்லை, துருப்பிடிக்காது, பிறகு கத்தி பட்டாலும் வெட்டுப்படும்.

தட்டுகளை அடுக்கி முடித்தபோது ஒரு பொய் இருந்தது, தட்டுமுறையின் பொய். மேல்தட்டின் விளிம்பு கரைக்கோடு, அடுத்த தட்டு 250 மீற்றர் ஆழம். அப்படியே விட்டால் உப்புவெளிக் கடற்கரையில் கால் வைத்தவுடன் 250 மீற்றர் செங்குத்தாக விழவேண்டும். உண்மையில் அங்கே முதலில் ஆழமில்லாத மேடை, பிறகுதான் சரிவு. மரத்தூளையும் வெள்ளைக் கம்மையும் குழைத்து அந்த மேடையைக் கட்டினோம். புறாமலைப் பக்கம், நிலாவெளிப் பக்கமெல்லாம் அகலமாக. கொட்டியாரக்குடா வாய்க்கு வந்தபோது குழைத்ததைப் போட இடமே இல்லை. மேடையை வெட்டிக்கொண்டு பள்ளம் உள்ளே வந்துவிடுகிறது. கையால் பூசும்போதுதான் அது பிள்ளைகளுக்கு உறைத்தது: மற்ற இடமெல்லாம் பூசிக்கொண்டு வந்த விரல், இங்கே சட்டென்று தவறி உள்ளே இறங்குகிறது.

இயற்கைத் துறைமுகம் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதைத்தான். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்குத்தான் அடிபட்டார்கள் என்று சரித்திரம் சொல்லப் போனால் பொழுது போய்விடும், விட்டுவிட்டேன்.

பெயின்ற் இமல்ஷன். ஆழத்துக்கு ஆழம் நீலம் கருக்கும்படி அடித்தார்கள். அடித்து முடிந்த மறுநாள் ஒரு பிள்ளையின் அம்மப்பா பார்க்க வந்தார். ஐம்பது வருடக் கடல்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, ஊரைத் தேடவில்லை, நேரே குடா வாய்க்குப் போனார்.

"இதில நங்கூரம் போடேலாது. எவ்வளவு கயிறு விட்டாலும் நிலம் காணாது. இஞ்சால ரெண்டு படகு நீளம் தள்ளினா அம்பது பாகம், அடியில மண்."

விரல் வைத்த இடம் பள்ளத்தின் வடக்கு விளிம்பு. எங்கள் தரவுச் சதுரம் அவ்வளவு நுணுக்கமாக அதைக் காட்டவில்லை. அவர் சொன்னதை வைத்து விளிம்பை மரத்தூளால் இன்னும் கூர்மையாக்கினோம். பிறகு பிள்ளைகள் தட்டுகளின் ஓரத்தில் மீற்றரோடு பாகக் கணக்கையும் எழுதினார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர், ஒரு தட்டு 137 பாகம். பெரியவர் அதை வாசித்துவிட்டு, எட்டுத் தட்டையும் கூட்டி, ஆயிரத்துச் சொச்சம் பாகம் என்று தலையாட்டினார்.

கலங்கல் தண்ணீர்

பள்ளம் எப்படி வந்தது? இந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆறு வெட்டியது என்றான் ஒருவன். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக்குடாவில்தான் விழுகிறது, பள்ளமும் அங்கேதான் தொடங்குகிறது. நல்ல பதில். ஆனால் ஆறு கடலுக்குள் வந்தபிறகு மூவாயிரம் மீற்றர் ஆழத்தில் எப்படி வெட்டும்? இருபதாயிரம் வருடத்துக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது ஆறு இன்னும் வெளியே ஓடியிருக்கும். சுவரில் பார்த்தால் அது 1.2 சென்ரிமீற்றர். முப்பதில் ஒன்றே கால் போனால் மிச்சம் எங்கே?

இதற்காக ஒரு பழைய மூன்றடி மீன் தொட்டி கிடைத்தது. உள்ளே சரிவாக ஒரு பலகை, அதன் நடுவில் வாய்க்கால் மாதிரிக் குழி. நல்ல தண்ணீர் நிரப்பி அசையாமல் விட்டோம். தம்பலகாமம் வயலின் களிமண்ணைக் கரைத்து, மேல் முனையில் மெதுவாக ஊற்றினால், கலங்கல் மேலே பரவாமல் பலகையோடு ஒட்டி, முன்னுக்கு ஒரு தலை வைத்ததுபோல் உருண்டு அடிக்கு ஓடியது. சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாகவே நிற்கிறது. பிள்ளைகள் கத்தினார்கள். கைபேசியில் எடுத்து மெதுவாக ஓடவிட்டு மறுபடி மறுபடி பார்த்தார்கள்.

இங்கே நிறுத்தியிருந்தால் ஆற்றுக்கலங்கல் நேரே பள்ளத்தில் ஓடுகிறது என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தொட்டியைக் கழுவி, உப்புவெளிக் கடலிலிருந்து கான்களில் அள்ளிவந்த தண்ணீரை நிரப்பச் சொன்னேன். அதே களிமண், அதே நல்ல தண்ணீர்க் கரைசல், அதே ஊற்று. இந்த முறை கலங்கல் இறங்கவில்லை. கடல் தண்ணீரின் மேல் மிதந்து பரவியது. உப்புத் தண்ணீர் பாரம், ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருந்தாலும் சாதாரணமாக அதைவிடப் பாரம் குறைவு. கொஞ்ச நேரத்தில் மேலே பரவிய களி, உப்புப் பட்டதும் திரண்டு திரண்டு பஞ்சு மாதிரி விழத்தொடங்கியது. முன்பு நல்ல தண்ணீரில் மணிக்கணக்காக மிதந்த அதே களி. மாரியில் குடாவுக்குள் செம்மண் நிறத்தில் மேலே தெரிகிற தண்ணீரைப் படகில் பார்த்திருக்கிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டது.

அப்போது பள்ளத்தை அறுப்பது எது? விழுந்த களியும் மணலும் பலகையின் மேல்முனையில் குவியட்டும் என்று விட்டுவைத்தோம். நன்றாகக் குவிந்தபிறகு தொட்டியை ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு. குவியல் பிளந்து வழுக்கியது. வழுக்கும்போது தண்ணீரோடு கலந்து, கடல் தண்ணீரையும் விடப் பாரமான கலவையாகி, வாய்க்கால் வழியே பாய்ந்தது. நல்ல தண்ணீரில் பார்த்த அதே உருளும் தலை, இப்போது கடல் தண்ணீருக்குள். போகிற வழியில் பலகையில் பூசியிருந்த மெல்லிய மண்ணையும் அரித்துக்கொண்டு போனது.

1929 நவம்பர் 18இல் கனடாவுக்கு அப்பால் கிராண்ட் பாங்ஸ் என்ற இடத்தில் பூமி அதிர்ந்தது. அந்தக் கடலடியில் அத்திலாந்திக்கைக் கடக்கும் தந்திக் கம்பிகள் கிடந்தன. பன்னிரண்டு கம்பி அறுந்தது. அதிர்வில் எல்லாம் ஒன்றாக அறுந்திருந்தால் புதினம் இல்லை. சரிவின் கீழ்ப்பக்கமாகக் கிடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன, கடைசிக் கம்பி அறுந்தபோது பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்பி அறுந்த நேரங்களை வைத்து அந்த மண்வெள்ளத்தின் வேகத்தையே பிறகு கணக்கிட்டார்கள். 1952இல் வெளியான அந்த விளக்கத்துக்குப் பிறகுதான் கடலடிப் பள்ளத்தாக்குகளைச் செதுக்குவது எது என்பதில் பலருக்குத் தெளிவு வந்தது. எங்கள் பள்ளத்துக்கு, பாறையில் ஏற்கனவே இருந்த வெடிப்புக் கோடுகளும் வழிகாட்டியிருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. அதை நான் சொன்னதோடு சரி. தொட்டியில் காட்ட வழி தெரியவில்லை.

1929இல் அந்தச் சரிவு சுனாமியையும் கிளப்பியது என்றவுடன் அறை அமைதியானது. 2004 டிசம்பர் 26 நடந்தபோது இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் பிறக்கவில்லை, ஆனால் அந்த நாளைக் கேட்காமல் வளர்ந்த வீடு இங்கே இல்லை. பயத்துக்குக் கணக்குத்தான் என் மருந்து. சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீற்றரில் எடுத்துப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், விநாடிக்கு எத்தனை மீற்றர் என்று கிட்டத்தட்ட வரும். நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் விநாடிக்கு இருநூறு, அதாவது மணிக்கு எழுநூறு கிலோமீற்றர். பத்து மீற்றர் ஆழத்தில் விநாடிக்குப் பத்து, மணிக்கு 36. முன்னால் போகும் தண்ணீர் மெதுவாக, பின்னால் வருவது வேகமாக வந்து மோத, அலை கரையில் எழும்புகிறது. ஒரு பிள்ளை, "அப்ப கடல் உள்வாங்கினா ஓடவேணும், 36ஐ ஓடி முந்தேலாது, அதனால முதலே ஓடவேணும்" என்றது. அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

மரத்தில் மழை

மற்றவை சிறு வேலைகள்.

பாலைவனம் என்றால் சூடு என்றுதான் எல்லாப் பிள்ளையும் சொல்லும். வாசிகசாலை முற்றத்தில் நெட்டைத் தென்னை ஒன்று நிற்கிறது. அதில் வருட மழையை உள்ள அளவிலேயே, சுருக்காமல், குறித்தோம். திருகோணமலை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர்; பெரிய பிள்ளைகளின் தலை உயரம். பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து ஜனவரிக்குள் விழுவது, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் காயும். மேகாலயாவின் மவ்சின்ராம் ஏறத்தாழ 11,870 மில்லிமீற்றர். தேங்காய் பறிக்க வந்தவர் அளவுக் கயிற்றோடு ஏறி அந்த உயரத்தில் சிவப்புத் துணி கட்டினார். சிலி நாட்டின் அரிக்கா வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பென்சில் கோடே அதைவிடத் தடிப்பு. அந்தாட்டிக்காவின் உட்பகுதி ஐம்பது மில்லிமீற்றருக்கும் குறைவு, கணுக்காலுக்குக் கீழே. அங்கேதான் வொஸ்ரொக் நிலையத்தில் 1983 ஜூலை 21இல் மைனஸ் 89.2 பாகை பதிவானது. உலகத்திலேயே பெரிய பாலைவனம் பனிக்கட்டியால் மூடியிருக்கிறது என்பதை நம்பவைக்க நான் வாதாட வேண்டியிருக்கவில்லை, மரம் சொன்னது.

முட்டை வேலை ஐந்து நிமிடம். புது முட்டை கடல் தண்ணீரில் மிதக்கும் என்று எல்லோரும் பந்தயம் கட்டினார்கள், தாழ்ந்தது. நிலாவெளிப் பக்கத்து உப்பளத்திலிருந்து கேட்டு வாங்கிய, உப்புப் பூக்கிற கட்டத்துத் தண்ணீரில் மிதந்தது. சாக்கடலில் நூற்றுக்கு 34 பங்கு உப்பு, சாதாரணக் கடலில் மூன்றரை. உப்பளப் பாத்தியைக் காட்டியே பொலிவியாவின் உயுனி உப்புவெளியையும் சொல்லிவிடலாம்: பத்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேல், எங்கள் மாவட்டம் போல ஏறக்குறைய நாலு, கடல்மட்டத்துக்கு மேலே 36 சென்ரிமீற்றரில். சுவர் அளவில்தான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வெப்பமானியோடு போனோம். ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை, நாற்பது பாகைக்கு அங்குமிங்குமாக. கீழே எரிமலை இருக்கிறதா என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். இலங்கையில் எரிமலை இல்லை. கீழே போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு 25இலிருந்து 30 பாகை வரை சூடு கூடும். வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போன மழைத்தண்ணீர் சூடேறி, ஆறுமுன் வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. கோலா துளையின் 180 பாகை இவர்களுக்கு அங்கே நினைவு வந்தது, நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

இதை வேறு ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் பலகையின் அளவை அப்படியே எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் பாக்குநீரிணையை இந்த அளவில் செய்தால் பதின்மூன்று மீற்றர் ஆழம் அரை மில்லிமீற்றர், பலகை வெறும் பலகையாகவே கிடக்கும். அங்கே உள்ள விசேஷம் கீழே இருக்கிறது: சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்து உண்டான குகைகளும் கேணிகளும். நிலாவரைக் கிணற்றில் கயிற்றில் போத்தல் கட்டி வெவ்வேறு ஆழத்தில் தண்ணீர் எடுத்தால் மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு சுண்ணாம்புக்கல் துண்டை வினாகிரியில் போட்டு நுரைப்பதைக் காட்டிவிட்டு அங்கே தொடங்கலாம். கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். போத்தலின் மூடியை மேலிருந்து திறக்க இரண்டாவது நூல் வேண்டும், மெல்லிய தங்கூசி நூல் போதும்.